ஆண்டிச்சாமி வீட்டு விறைப்பு

சுந்தரபாண்டியை முதன்முதலாகப் பார்க்கிறவர்கள் அவன் எந்த ஜிம்முக்குப் போகிறான் என்று கேட்பார்கள். அவன் எந்த ஜிம்மின் வாசலையும் மிதித்ததில்லை. தாயில்பட்டியில் அவர்கள் வீட்டு ஆண்களுக்குத் தோளும் தொடையும் கெண்டைக்காலும் பிறப்பிலேயே அப்படி அமைந்துவிடும். அவனுடைய அப்பா ஆண்டிச்சாமி அறுபது வயதைத் தாண்டிய பிறகும், சட்டையில்லாமல் மக்காச்சோளக் காட்டில் நின்றால் பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார்கள். பார்வைக்கு அப்படி இருந்த உடம்பு நினைத்த நேரத்துக்கு நகராது என்பது வீட்டுக்குள் இருந்தவர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டு எழுந்தால் கால்கள் இரண்டும் மரக்கட்டை. முதல் சில எட்டுகளை இடுப்பிலிருந்து தூக்கித் தூக்கித்தான் வைக்க வேண்டும். நடக்க நடக்க இளகும். இளகிவிட்டால் எல்லோரையும்போல ஓடலாம், மூட்டை தூக்கலாம், மாடிப்படி ஏறலாம். திரும்ப உட்கார்ந்தால் திரும்பவும் கட்டை. கையும் அப்படியே. எதையாவது இறுக்கிப் பிடித்தால், விடு என்று மனசு சொன்ன பிறகும் விரல்கள் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் விடும். வலி கிடையாது. அதனால் வீட்டில் யாரும் அதை நோய் என்று நினைத்ததில்லை. ‘நம்ம வீட்டு விறைப்பு’ என்று அதற்குப் பெயர். அகல நெற்றி, நீளக் காது மாதிரி அதுவும் ஒரு குடும்ப அடையாளம்.

ஆண்டிச்சாமிக்கு அந்த விறைப்பு நல்ல பெயரைத்தான் வாங்கிக் கொடுத்தது. நிலபுலன் உள்ளவர். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். யார் வந்தாலும் உடனே எழ மாட்டார். வந்தவர்கள் தாங்களாகவே, “இருக்கட்டும், உக்காருங்க, உக்காருங்க” என்று பதறிவிடுவார்கள். தாசில்தாருக்கே எழாத மனுஷன் என்று சுற்று வட்டாரத்தில் பேச்சு. வழக்குப் பேச வந்தவர்கள், அவர் அசையாமல் இருக்கிற தோரணையைப் பார்த்தே பாதி சமாதானத்துக்கு வந்துவிடுவார்கள். அவரும் மறுத்து எதுவும் சொன்னதில்லை.

அதே விறைப்பு மகனுக்கு வந்தபோது ஊர் அதைத் திமிர் என்றது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வகுப்புக்குள் வந்தால் எல்லாரும் எழுந்து வணக்கம் சொல்லி உட்கார்ந்த பிறகு இவன் ஒருவன் மட்டும் மெல்ல எழுந்து நிற்பான்.

“என்னலே, ஒனக்கு மட்டும் தனி வணக்கமா?” என்பார் வாத்தியார்.

பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் கையை நீட்டச் சொல்லிவிடுவார். நீட்டிய கை மடங்கியே இருக்கும். அது அடுத்த குற்றம்.

படித்து முடித்ததும் ஊரே அவனைப் போலீஸில் சேரச் சொன்னது. விருதுநகரில் ஆள் எடுத்தார்கள். உயரம், மார்பளவு எல்லாவற்றிலும் அதிகாரிகளுக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. “இவன் ஒருத்தன் நின்னாலே கூட்டம் கலைஞ்சிரும்யா” என்று ஒருவர் இன்னொருவரிடம் சொன்னது இவன் காதிலேயே விழுந்தது. பிறகு ஓட்டத்துக்காக வெயிலில் வரிசையாக உட்கார வைத்தார்கள். வெகு நேரம் கழித்து எழுப்பி, கோட்டில் நிறுத்தி, விசில் ஊதினார்கள். மற்றவர்கள் பாய்ந்தார்கள். சுந்தரபாண்டி கோட்டிலேயே நின்றான். பிறகு திருவிழாவில் சப்பரம் நகர்வதுபோல நகர்ந்தான். முதல் சுற்று முடிவதற்குள் உடம்பு இளகிவிட்டது. அதன்பின் அவன் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து மைதானமே கைதட்டியது. முன்னால் போன பலரைத் தாண்டினான். ஆனாலும் நேரம் தாண்டிப்போயிருந்தது.

“இவ்வளவு நல்லா ஓடுறவன் ஆரம்பத்துல என்னப்பா செஞ்சுக்கிட்டு இருந்த?” என்று அதிகாரி கேட்டார்.

“கால் மரத்துப் போச்சுங்கய்யா.”

அவனிடம் எப்போதும் இருந்த ஒரே பதில் அதுதான். வேறு என்ன சொல்வது என்று அவனுக்கே தெரியாது. வயது ஏற ஏற, மறைக்கிற வித்தைகளைப் பழகிக்கொண்டான். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்துக்கு வெகு முன்னாலேயே எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு காலை ஆட்டிக்கொண்டிருப்பான். எங்கேயாவது எழுந்ததும் நடக்க வராதபோது சட்டைப்பையில் எதையோ தேடுவதுபோல நிற்பான். இல்லாவிட்டால் செருப்பு மாட்டுகிற சாக்கில் நேரம் கடத்துவான். செருப்பு மாட்டவே இவனுக்கு இம்புட்டு நேரமா என்று கூட வந்தவர்கள் அலுத்துக்கொள்வார்கள்.

சாத்தூர்ப் பக்கத்து அழகுமீனாவோடு கல்யாணம் நடந்தது. அக்னியைச் சுற்றி வந்து முடிந்த பிறகும் மாப்பிள்ளை பெண்ணின் விரலை விடவில்லை. ஐயர் விடச் சொன்னார். பெரியவர்கள் விடச் சொன்னார்கள். பெண்கள் கூட்டம் சிரித்து ஓய்ந்த பிறகுதான் விட்டான். அழகுமீனா வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டாள். நம் மேல் இவருக்கு இவ்வளவு பிரியமா என்று மனசுக்குள் நினைத்தாள். ஒரு மாதத்துக்குள் அவன் ஊறுகாய் பாட்டிலின் மூடியையும் அதே பிரியத்தோடு விடாமல் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தபோது அவளுக்கு லேசாகச் சந்தேகம் தட்டியது.

சிவகாசியில் ஜெயச்சந்திரன் என்கிற முதலாளியின் பட்டாசு கம்பெனி ஆபீசில் அவனுக்கு வேலை கிடைத்தது. வெளியூர் வியாபாரிகளை ரயிலடியிலிருந்து அழைத்து வந்து, சரக்கு காட்டி, சாப்பிட வைத்து, திரும்ப ஏற்றிவிடுகிற வேலை. வெடிச் சத்தம் திடீரென்று கேட்டால் தனக்கு உடம்பு முழுக்க விறைத்துக்கொள்ளும் என்பது அவனுக்குத் தெரியும். ஆனால் பட்டாசு செய்கிற ஊரில் பட்டாசு வெடிக்க மாட்டார்கள். இங்கே நினையாத நேரத்தில் சத்தம் கேட்டால் அது தப்பான சத்தம். அப்போது சுந்தரபாண்டி மட்டுமல்ல, டீக்கடை, பஸ், பள்ளிக்கூடம் எல்லாம் விறைத்து நின்று, எந்தப் பக்கம் புகை என்று பார்க்கும். அதனால் அந்த ஆபீஸ் தனக்குப் பொருத்தமான இடம் என்று அவன் நினைத்ததில் தப்பில்லை.

இந்தூரிலிருந்து ஒரு வியாபாரி வந்தார். எல்லாச் சரக்கையும் பார்த்தார், விலையைக் கேட்டார், ஊருக்குப் போய் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு எழுந்தார். எல்லோரிடமும் கை குலுக்கினார். சுந்தரபாண்டி வெகுநேரம் உட்கார்ந்திருந்தவன். மரியாதைக்காகக் கையை அழுத்திப் பிடித்தான். பிடித்த கை வரவில்லை. வியாபாரி சிரித்துக்கொண்டே இழுத்தார். இவனும் சிரித்தான், வேறு செய்வதற்கு ஒன்றும் இல்லை. வியாபாரி அவன் தோளைப் பார்த்தார், கையைப் பார்த்தார், கதவு எவ்வளவு தூரம் என்று பார்த்தார். பிறகு ஜெயச்சந்திரன் பக்கம் திரும்பி, முதலில் பேசிய லோடையே அனுப்பிவிடச் சொன்னார்.

அவர் போன பிறகு ஜெயச்சந்திரன் நாற்காலியை இவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“ஏப்பா, ஒரு வார்த்தை பேசாம கையப் பிடிச்சே ஆர்டரை வாங்கிட்டியே. இதை எங்கன படிச்ச?”

“அப்படியெல்லாம் இல்ல அண்ணாச்சி. கை மரத்துப் போச்சு.”

“தொழில் ரகசியத்தைச் சொல்ல மாட்ட. சரி, வேணாம்.”

அன்றிலிருந்து எந்தப் பார்ட்டி கிளம்பினாலும், “தம்பி, அவுகளுக்கு ஒரு கை குடு” என்பார் அண்ணாச்சி. சில நேரம் பலித்தது. சில நேரம் வந்தவர்கள் பயந்து கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

அடுத்த சீசனுக்கு முன்னால் ஐதராபாத்திலிருந்து ஒரு குழு வந்தது. புதுச் சரக்கை வெடித்துப் பார்த்துத்தான் ஆர்டர் தருவோம் என்றார்கள். ஊருக்கு வெளியே பொட்டலில் ஏற்பாடு. திரியை நேரில் பார்த்துக்கொண்டிருந்தால் சுந்தரபாண்டிக்குப் பிரச்சினை இல்லை; எப்போது வெடிக்கும் என்று தெரிந்த சத்தத்துக்கு உடம்பு தயாராக இருக்கும். எல்லாம் ஒழுங்காக வெடித்தன. ஒன்று மட்டும் திரி எரிந்து புகைந்து அடங்கிவிட்டது. நமுத்துப்போச்சு என்று எல்லோரும் நினைத்தார்கள். சுந்தரபாண்டி திரும்பி நின்று வந்தவர்களுக்கு மோர் எடுத்துக் கொடுக்கப் போனபோது அது வெடித்தது.

அவன் கையைக் காலை வீசவில்லை. கத்தவில்லை. நின்றபடியே, வெட்டிய பனைபோல, நேராகச் சாய்ந்தான். புழுதி எழுந்து அடங்கியது. ஐதராபாத்காரர்கள் வெடியைப் பார்த்தார்கள், விழுந்தவனைப் பார்த்தார்கள். இந்த உடம்பையே சாய்க்கிற வெடி எத்தனை டெசிபல் என்று ஒருவர் கேட்டார். சட்டப்படி உள்ள அளவுதான் என்று ஜெயச்சந்திரன் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

“காக்கா வலிப்பு மாதிரி தெரியுது. கையில இரும்பைக் குடுங்க” என்றார் லோடு ஏற்றுகிற ஒருவர்.

ஜெயச்சந்திரன் அவசரத்தில் தன் கார் சாவிக் கொத்தை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். விரல்கள் மிக நன்றாக மூடிக்கொண்டன.

“எனக்கு ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. தன்னால சரியாயிரும்” என்றான் சுந்தரபாண்டி, திறக்காத பல்லுக்கு நடுவில்.

“பேச்சு கொளறுது. வண்டிய எடுங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்.”

“சாவி அவர் கையில இருக்கு அண்ணாச்சி” என்றார் டிரைவர்.

இரண்டு பேர் விரலைப் பிரிக்கப் பார்த்தார்கள். பிரிக்கப் பிரிக்க விரல்கள் இறுகின. அண்ணாச்சி தரையில் உட்கார்ந்து, “ராசா, சாவியைக் குடுத்துரு, ஒன்னையத்தான் ஏத்திட்டுப் போகணும்” என்று கெஞ்சினார். கொஞ்ச நேரத்தில் உடம்பு தானாக இளகியது. சுந்தரபாண்டி எழுந்து உட்கார்ந்து, வேட்டியைத் தட்டிவிட்டு, சாவியை அவரிடம் கொடுத்தான். அதற்குள் ஐதராபாத்காரர்கள் தங்கள் வண்டியில் கிளம்பியிருந்தார்கள். கை கொடுக்கக்கூட ஆள் இல்லை.

ஆர்டர் போனதைவிட, இந்தப் பையனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்பதுதான் ஜெயச்சந்திரனை அரித்தது. மறுநாளே அவனையும் அழகுமீனாவையும் காரில் ஏற்றிக்கொண்டு மதுரைக்குப் போனார். அங்கே ரோஷினி என்கிற நரம்பு டாக்டரம்மா. வயது குறைவு. அதிகம் பேசவில்லை. தன் இரண்டு விரல்களைக் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னார், உடனே விடச் சொன்னார். அவன் விடுவதற்குள், இன்னொரு கையால் போனை எடுத்து யாருக்கோ பதில் சொல்லி வைத்துவிட்டார். பிறகு சிறிய சுத்தியலால் அவன் உள்ளங்கையில், கட்டைவிரலுக்குக் கீழே இருந்த மேட்டில் ஒரு தட்டு தட்டினார். கட்டைவிரல் உள்ளே மடங்கி அங்கேயே நின்றது. டாக்டரம்மா அதை ரசித்துப் பார்த்தார்.

அடுத்து, தசையில் மெல்லிய ஊசியைக் குத்தி அதை ஒரு மெஷினோடு இணைத்தார். மெஷினிலிருந்து சத்தம் வந்தது: உய்ய்யென்று ஏறி, மெல்ல இறங்கி, மறுபடி ஏறியது.

“விசில் ராக்கெட்” என்றார் ஜெயச்சந்திரன்.

“புத்தகத்துல வேற மாதிரி எழுதியிருக்கும். நீங்க சொல்றதும் சரியாத்தான் இருக்கு” என்றார் டாக்டரம்மா. “இது வலிப்பு இல்லை. விழுந்தப்போ இவருக்கு நினைவு தப்பவே இல்லையே. இது மயோட்டோனியா. பரம்பரையா வர்ற தசை இறுக்கம்.”

தசைக்குள் கண்ணுக்குத் தெரியாத வாசல்கள் உண்டு என்று அவர் விளக்கினார். அவற்றின் வழியாக உப்புத் துகள்கள் போகும், வரும். பிடி என்று மூளை சொன்னதும் தசை இறுகும். இறுகியது அடங்க வேண்டுமானால் குளோரைடு என்கிற துகள் உள்ளே வர வேண்டும். இவனுக்கு அந்த வாசல் பிறவியிலேயே சரியாகத் திறப்பதில்லை. அதனால் மூளை விடு என்ற பிறகும் தசை தன்பாட்டுக்கு இறுகிக்கொண்டிருக்கிறது. நான்கு முறை அசைத்தால் பழகி இளகும். திடீர்ச் சத்தத்துக்கு எல்லோருடைய உடம்பும் ஒரு கணம் விறைக்கும். இவனுக்கு அந்தக் கணம் முடியாமல் நீளும், அதனால் விழுவான். சும்மா இருக்கும்போதும் தசை வேலை செய்துகொண்டே இருப்பதால்தான் இந்த உடற்கட்டு.

ஜெயச்சந்திரன் தன் வயிற்றை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

அழகுமீனா வெகுநேரம் எதையோ கேட்கத் தயங்கினாள். கடைசியில் கேட்டேவிட்டாள்.

“டாக்டரம்மா, கல்யாணத்தன்னைக்கு இவுக என் விரலை விடவே இல்ல. அதுவும் இந்த வாசல் கோளாறுதானா?”

“எவ்வளவு நேரம் விடலை?”

“ரொம்ப நேரம்.”

“கொஞ்ச நேரம்தான் எங்க கணக்கு. மீதிக்கு அவரைத்தான் கேக்கணும்.”

சுந்தரபாண்டி மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தான். மீதி நான்தான் என்று அவன், ஊர் திரும்பும் வழியில் பஸ் ஸ்டாண்டு தாண்டும்போது காரில் மெல்லச் சொன்னான். முன்சீட்டில் இருந்த அண்ணாச்சி காதில் விழாததுபோல ஏ.சி.யைக் கூட்டி வைத்தார்.

வேறு யாருக்காவது இது உண்டா என்று டாக்டரம்மா கேட்டதற்கு, “என் மாமனாருக்கு இருக்கு. ஆனா அதை ஊர்ல கௌரவம்னு சொல்லுவாக” என்றிருந்தாள் அழகுமீனா. அவரையும் பார்க்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார்.

ஆண்டிச்சாமி அசையவில்லை. எங்கள் வம்சத்தில் யாரும் நோய் என்று ஆஸ்பத்திரிப் படி ஏறியதில்லை என்றார். அழகுமீனா அவருக்குச் சோறு வைத்துக்கொண்டே, “நோய்க்குக் கூப்பிடலை மாமா. குடும்பத்துக்குப் பெரியவுக யாருன்னு கேட்டாக. அவுககிட்டதான் பேசுவாகளாம்” என்றாள். மறுவாரம் வெள்ளை வேட்டி, சலவைச் சட்டையோடு அவரே முதல் ஆளாகக் காரில் ஏறினார்.

டாக்டரம்மா அறைக்குள் வந்தபோது அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எழவில்லை.

“எந்திரிக்க வேணாங்கய்யா. உடனே வராதுன்னு எனக்குத் தெரியும்” என்றார் டாக்டரம்மா.

ஆண்டிச்சாமி அவரை நிமிர்ந்து பார்த்தார். அத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை அவரிடம் யாரும் சொன்னதில்லை. சுத்தியல் வந்தது, கட்டைவிரல் மடங்கியது, மெஷின் ராக்கெட் விட்டது. டாக்டரம்மா உப்பையும் வாசலையும் சொல்லத் தொடங்கியதும் அவருக்குச் சுருக்கென்றது.

“உப்புல கொறைன்னா என்ன அர்த்தம்? நாங்க உப்புப் போட்டுத்தான் சாப்பிடுறோம்.”

“சாப்பாட்டு உப்பைச் சொல்லலை ஐயா.”

“நானும் சாப்பாட்டு உப்பைச் சொல்லல.”

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரோஷம் வேறு, குளோரைடு வேறு என்று விளக்கி, அவரிடம் ரோஷத்துக்கு ஒரு குறையும் இல்லை என்று உறுதி சொன்ன பிறகு அவர் அமைதியானார். இருவருக்கும் ரத்தம் எடுத்து மேல்பரிசோதனைக்கு அனுப்பினார்கள். எப்போதாவது ஆபரேஷன் என்று வந்தால் மயக்க மருந்து கொடுப்பவரிடம் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொன்னார். உங்கள் பிள்ளைகளில் ஒவ்வொருவருக்கும் வரலாம், வராமலும் போகலாம், காசைச் சுண்டிப் பூவா தலையா பார்க்கிற மாதிரிதான் என்றார்.

ஆண்டிச்சாமி இதற்கெல்லாம் தலையாட்டவில்லை. அவர் மனசு வேறு எங்கோ இருந்தது. பிறகு கேட்டார்.

“அப்ப, நான் எந்திரிக்கணும்னு நெனச்சும் எந்திரிக்க முடியாமப் போனது, சீக்குனாலதானா?”

“ஆமாங்கய்யா.”

“ஏலே, கேட்டியா?” என்று மகன் பக்கம் திரும்பினார். “சண்முகவேல் மாப்பிள்ளை வந்த அன்னைக்கு நான் எந்திரிக்கத்தாம்லே பாத்தேன்.”

சண்முகவேல் அவருடைய தங்கை முத்துமாரியம்மாளின் புருஷன். வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். புது வீடு கட்டி, தாம்பூலத் தட்டோடு மச்சானை அழைக்க வந்திருந்தார். அன்றைக்கு ஆண்டிச்சாமி காலையிலிருந்து பேப்பர் படித்தபடி உட்கார்ந்தே இருந்தவர். எழுந்து தட்டை வாங்கப் பார்த்தார், கால் வரவில்லை. முடியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, முகத்தைப் பேப்பர் பக்கம் திருப்பிக்கொண்டார். சண்முகவேல் தட்டைத் தரையில் வைத்துவிட்டுப் போனார். போனவர் போனவர்தான். பதினைந்து வருஷத்துக்கு மேலாக நல்லது கெட்டது எதற்கும் போக்குவரத்து இல்லை. ஆண்டிச்சாமியின் தங்கையும் புருஷன் பக்கமே நின்றுவிட்டாள்.

“நான் போயிச் சொல்லிட்டு வாரேன்” என்றார் ஆண்டிச்சாமி. அந்த வீட்டில் அவர் தானாகப் போய்ச் சொன்ன காரியம் அதுவரை எதுவும் கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சுந்தரபாண்டியும் அழகுமீனாவும் அவரைக் கூட்டிப் போனார்கள். தெருமுனையிலேயே இறங்கிக்கொண்டார். காரில் உட்கார்ந்து வந்த கால் இளக வேண்டுமே. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் மேலும் கீழும் நடந்தார். கைவிரல்களை மூடி மூடித் திறந்தார். வாசல் தெளித்துக்கொண்டிருந்த பெண்கள், பெரியவர் சண்டைக்குத் தயாராகிறார் என்று நினைத்து உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்கள். சேதி அவருக்கு முன்னால் சண்முகவேல் வீட்டுக்குப் போய்விட்டது.

ஆண்டிச்சாமி கும்பிட்ட கையோடு படியேறினார். சண்முகவேல் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எழவில்லை. காலின் மேல் கால் போட்டு, டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். டிவியில் துணிக்கடை விளம்பரம் ஓடியது.

ஆண்டிச்சாமி அவரைக் கூர்ந்து பார்த்தார்.

“மாப்பிள்ளைக்கும் எந்திரிக்க வரலையா?” என்றார் நிஜமான கவலையோடு. “மதுரையில நல்ல டாக்டரம்மா இருக்காக. ஒரு ஊசி குத்திப் பாத்தாத் தெரிஞ்சிரும்.”

உள்ளே அடுப்படியில் முத்துமாரியம்மாள் சிரிக்கிற சத்தம் கேட்டது.

“எனக்குக் கால் நல்லாத்தான் இருக்கு. வேணும்னுதான் உக்காந்திருக்கேன்” என்றார் சண்முகவேல்.

“நீங்க வேணும்னு உக்காந்திருக்கீக, சரி. நான் அன்னைக்கு வேணும்னு உக்காரல மாப்பிள்ளை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.”

சுந்தரபாண்டி நடுவில் புகுந்து வாசல், உப்பு, தசை எல்லாவற்றையும் சொன்னான். சண்முகவேல் நம்பவில்லை.

“ஒரே வயித்துல பொறந்தவதான இவ. வீட்டுக்குள்ள மான் கணக்கா ஓடுறா. இவளுக்கு இல்லாத சீக்கு ஒங்க அப்பாவுக்கு மட்டும் எப்படி?”

“பூவா தலையா மாதிரி மாமா. அத்தைக்கு விளல, அப்பாவுக்கு விளுந்திருச்சு.”

“அப்ப உக்காரச் சொல்லு. நானே பாக்கேன்.”

ஆண்டிச்சாமி நாற்காலியில் உட்கார்ந்தார். காப்பி வந்தது. முத்துமாரியம்மாள் அண்ணனைப் பார்க்காமல் டம்ளரை நீட்டினாள், பிறகு பார்த்தாள், அப்புறம் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். துணிக்கடை விளம்பரம் முடிந்து நகைக்கடை விளம்பரம் வந்தது. வேண்டிய மட்டும் நேரம் போகவிட்டு, சண்முகவேல் சட்டென்று, “மச்சான், எந்திரிங்க” என்றார்.

ஆண்டிச்சாமி எழ முயன்றார். நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்தார். இடுப்பு மேலே வந்தது, முட்டி வரவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. இதுவரை அடுத்தவர் கண்ணில் படாமல் மறைத்து வைத்திருந்ததை, வேண்டாம் என்று ஒதுங்கிப்போன மாப்பிள்ளைக்கு எதிரில் அவர் முழுசாகச் செய்து காட்டிக்கொண்டிருந்தார். சண்முகவேலின் முகம் மாறியது. காலைக் கீழே இறக்கி, எழுந்து வந்து கையை நீட்டினார். ஆண்டிச்சாமி அதைப் பிடித்து எழுந்து நின்றார்.

“நின்னுட்டீகள்ல. கைய விடுங்க மச்சான்.”

“அதுவும் உடனே வராது மாப்பிள்ளை.”

சண்முகவேல் சிரிக்கத் தொடங்கியவர், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். கை இளகிய பிறகும் இருவரும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்கள். மத்தியானம் கோழி அடித்தார்கள்.

டாக்டரம்மா எழுதிக்கொடுத்த மாத்திரையை அப்பாவும் மகனும் சாப்பிடத் தொடங்கினார்கள். முழுக்கக் குணமாகாது, இறுக்கம் குறையும் என்று சொல்லித்தான் கொடுத்திருந்தார். குறைந்தது. ஆனால் ஆண்டிச்சாமிக்கு அதில் ஒரு சங்கடம் வந்தது. எழ முடிகிறது என்று தெரிந்ததும் அவர் எல்லோருக்கும் எழத் தொடங்கிவிட்டார். சொந்தக்காரருக்கு எழுந்தார், தபால்காரருக்கு எழுந்தார், கேஸ் சிலிண்டர் கொண்டு வந்தவருக்கு எழுந்து கும்பிட்டார். தாயில்பட்டி குழம்பிப்போனது. ஆண்டிச்சாமி பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்கப்போகிறார் என்று பேச்சுக் கிளம்பி, ஏற்கெனவே நிற்பதாக இருந்த ஒருவர் வந்து, “அண்ணே, நீங்க நிக்கிறதா இருந்தா நான் ஒதுங்கிக்கிறேன்” என்றார். அவருக்கும் ஆண்டிச்சாமி எழுந்துதான் பதில் சொன்னார். அதனால் அவர் நம்பாமலே போனார்.

“மாமா, எல்லாருக்கும் எந்திரிக்க வேணாம். ஆள் பாத்து எந்திரிங்க” என்றாள் அழகுமீனா.

“எம்புட்டு வருச பாக்கி இருக்கு தாயி” என்றார் அவர்.

ஜெயச்சந்திரன் சுந்தரபாண்டியைப் பட்டாசு ஆபீசில் வைத்துக்கொள்ளப் பயந்தார். வெளியே அனுப்பவும் மனசில்லை. அவருடைய மைத்துனருக்குக் காலண்டர் அச்சகம் இருந்தது. அங்கே அவனை ஆர்டர் பிடிக்கிற வேலையில் சேர்த்துவிட்டார். கடை கடையாக நாள் முழுக்க நடக்கிற வேலை. நடக்கிறவரை உடம்பு கட்டையாகாது. வியாபாரிகள் உட்காரச் சொன்னால் அவன் உட்காருவதில்லை. முன்பெல்லாம் சட்டைப்பையைத் தடவிக்கொண்டு நின்றவன், இப்போது நேராகவே சொல்லிவிடுகிறான்: “உக்காந்தா எந்திரிக்க நேரமாகும் அண்ணாச்சி, பொறவியிலயே தசையில ஒரு கோளாறு.” சொல்லிவிட்டால் கேட்கிறவர்கள் அதோடு தங்கள் மூட்டுவலியைச் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். அது முடிகிற இடத்தில் ஆர்டர் கேட்பது அவனுக்குச் சுலபமாக இருக்கிறது.

போன வருஷம் மார்கழிக்கு முன்னால் விருதுநகரில் காளீஸ்வரன் என்கிற வற்றல் வியாபாரியின் குடோனுக்குப் போயிருந்தான். மூட்டைகளைப் பிரித்துக் கொட்டிக்கொண்டிருந்த நேரம். மிளகாய் நெடி மூக்கில் ஏறி, அடுக்கடுக்காகத் தும்மினான். தும்மி முடித்தபோது கண் இமைகள் இரண்டும் இறுகி மூடிக்கொண்டன. அதுவும் அந்தக் கோளாறில் சேர்ந்ததுதான்.

“என்ன தம்பி, என்ன ஆச்சு?”

“ஒண்ணுமில்ல அண்ணாச்சி. கண்ணு தெறக்கக் கொஞ்ச நேரமாகும். நீங்க பாட்டுக்குச் சொல்லுங்க. இந்த வருசம் லட்சுமி படமா, முருகன் படமா?”

கண்ணை மூடிக்கொண்டு நிற்கிற ஆளிடம் எப்படிப் பேசுவது என்று காளீஸ்வரனுக்குப் பிடிபடவில்லை. அவன் பக்கத்தில் வந்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, குடோன் முழுக்கக் கேட்கிற மாதிரி, “லட்சுமியே இருக்கட்டும் தம்பி” என்று உரக்கச் சொன்னார்.

“கண்ணுதான் தெறக்கல அண்ணாச்சி” என்றான் சுந்தரபாண்டி. “காது நல்லாக் கேக்குது.”